பெட்டியின் மேல் 4ஜி, உள்ளே 3ஜி: கேமரா ட்ராப் வாங்குவோர் கவனத்திற்கு

மூன்று மாதச் சம்பளத்தைப் பறிகொடுத்துவிட்டு இதை எழுதுகிறேன். ஓடையிலிருந்து நேற்று மாலைதான் திரும்பினேன்; காலணியில் ஒட்டிய சேறு இன்னும் காயவில்லை. கோபம் தணிந்த பிறகு எழுது என்று நண்பர்கள் சொன்னார்கள். அது தணிவதற்குள் இன்னும் சிலர் அதே கருவியை வாங்கிவிடுவார்கள் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

நீர்நாய்கள் வந்துபோகும் ஓடைப் பகுதி ஒன்றை நெடுநாளாகக் கவனித்துவருகிறேன். விலங்கு முன்னால் வந்தால் தானே படமெடுக்கும் கேமரா ட்ராப்பில் சாதாரண வகையை வைத்தால், மெமரி கார்டை எடுக்க அடிக்கடி அங்கே போக வேண்டும். ஒவ்வொரு முறையும் மனித வாடையையும் காலடித் தடத்தையும் விட்டுவிட்டு வர வேண்டும். சிம் கார்டு போட்ட கேமரா என்றால் படம் கைப்பேசிக்கே வந்துவிடும், பழுதானாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். அதற்காகத்தான் மூன்று மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைத்து ஆறு கேமராக்கள் வாங்கத் துணிந்தேன்.

கள ஆய்வுக் கருவிகளை மட்டுமே விற்கும் ஓர் இணையதளம் அது. பணம் கட்டுவதற்கு முன் தொலைபேசியில் பேசியவர் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் பேசினார். நான் ஏமாந்த இடம் அதுதான். எந்த விலங்கு என்று முதலில் கேட்டார். நீர்நாய் என்றதும், "அப்படியானால் 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு வேண்டாம் சார், இரவில் அது மங்கலான சிவப்பாகத் தெரியும், 940 எடுங்கள், வெளிச்சம் தெரியாது, தூரம் மட்டும் கொஞ்சம் குறையும்" என்றார். தண்ணீரிலிருந்து அப்போதுதான் ஏறிவரும் நீர்நாயின் நனைந்த ரோமம் சுற்றுப்புறத்தின் வெப்பத்திலேயே இருப்பதால், வெப்ப வேறுபாட்டை வைத்து இயங்கும் உணரி அதைத் தவறவிடும் என்றும், கேமராவைக் கரையை ஒட்டி வைக்காமல் எச்சமிடும் பாறையை நோக்கிச் சற்று உள்ளே தள்ளி வைக்க வேண்டும் என்றும் அவரே சொன்னார். எல்லாம் உண்மை. இவ்வளவு தெரிந்தவர் பொய் சொல்வார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "4ஜி தானே?" என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் "ஆமாம் சார், பெட்டியிலேயே போட்டிருக்கும்" என்றார். அன்றிரவே முழுத் தொகையையும் கட்டினேன்.

பெட்டியில் போட்டிருந்தது உண்மைதான். வீட்டில் சோதித்துப் பார்த்தபோது படங்களும் ஒழுங்காக வந்தன. களத்தில் வைப்பதற்கான அனுமதிக் கடிதம் கைக்கு வர மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் பத்து நாள் திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது.

ஓடைக்கரையில் ஆறு மரங்களில் முழங்கால் உயரத்தில் கேமராவின் வார்ப்பட்டையை இறுக்கி, லென்ஸுக்கு முன்னால் ஆடக்கூடிய புல்லையெல்லாம் அறுத்து, வெயில் நேராக விழாதபடி வடக்குப் பார்த்துத் திருப்பிவைத்தேன். ஒவ்வொன்றின் சிறு திரையிலும் 'சிக்னல் தேடுகிறது' என்ற ஒரே வரிதான் நின்றது. அதே பாறையில் உட்கார்ந்து என் கைப்பேசியிலிருந்து அனுப்பிய படம் உடனே போய்ச் சேர்ந்தது.

அழைத்தேன். "காட்டில் சிக்னல் குறைவு சார், ஆன்டெனாவைத் திருப்பிப் பாருங்கள்" என்றார்கள். திருப்பினேன். "சிம்மை மாற்றுங்கள்" என்றார்கள். மாற்றினேன். "பேட்டரி பலவீனம்" என்றார்கள். கேமராவுக்குப் பன்னிரண்டு வீதம் எழுபத்திரண்டு லித்தியம் பேட்டரிகளைப் புதிதாக வாங்கிப் போட்டேன். அந்தச் செலவு நான் சொன்ன மூன்று மாதச் சம்பளத்தில் சேராது. பிறகு, "வீட்டில் வேலை செய்தது என்று நீங்களே சொல்கிறீர்களே, அப்படியானால் கருவியில் குறையில்லை" என்று பதில் வந்தது. முதலில் முக்கால் மணி நேரம் பேசிய அந்த மனிதர் அதன் பிறகு ஒருமுறைகூடத் தொலைபேசியை எடுக்கவில்லை.

குறை எது என்று நானேதான் கண்டுபிடித்தேன். பேட்டரி அறைக்குள், சுருள்கம்பிகளுக்குப் பின்னால், நகத்தளவு ஸ்டிக்கர் ஒன்றில் ஐஎம்இஐ எண், அதாவது சிம் போடும் கருவி ஒவ்வொன்றுக்கும் உள்ள அடையாள எண், இருந்தது. அந்த எண்ணின் முதல் எட்டு இலக்கங்கள் எந்த மாதிரிக் கருவி என்பதைக் காட்டிவிடும். தேடிப் பார்த்தபோது, உள்ளே இருந்தது 3ஜி வரை மட்டுமே பேசும் பழைய மோடம் (கோபுரத்தோடு தொடர்புகொள்ளும் பகுதி) என்று தெரிந்தது. பல நாடுகளில் 3ஜி சேவையை நிறுத்திவிட்டார்கள், நிறுத்திக்கொண்டும் இருக்கிறார்கள். என் வீட்டருகே உள்ள கோபுரத்தில் அது இன்னும் மிச்சமிருந்தது. ஓடைக்கு அருகே உள்ள கோபுரத்தில் 4ஜி மட்டும்தான். விற்காமல் தேங்கிய சரக்கைப் பெட்டி மாற்றி என் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்பினேன். "திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டதால் உங்கள் புகார் மூடப்படுகிறது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. மூன்று மாதச் சம்பளத்திற்கு ஒரு வரி.

கிடைக்காத சிக்னலை மோடம் ஓயாமல் தேடிக்கொண்டே இருந்ததில், புது பேட்டரிகளும் ஐந்தாறு நாளில் தீர்ந்துபோயின. நேற்றுக் கழற்றிய கார்டுகளில் ஒன்றின் கடைசிப் படத்தில், பாறை விளிம்பில் ஒரு நீர்நாயின் வாலும், அதன் பின்னால் தண்ணீரிலிருந்து எட்டிப்பார்க்கும் ஒரு குட்டியின் தலையும் இருக்கின்றன. அதற்குப் பிறகு கேமரா அணைந்துவிட்டது. இந்த ஓடையில் நான் பார்த்த முதல் குட்டி அது. அதற்குப் பிந்தைய பதினேழு நாட்களைப் பற்றி என்னிடம் ஒரு பதிவும் இல்லை. பணத்தைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன்; இப்போது முடியவில்லை. இவற்றை மட்டும் சொல்கிறேன். மோடம் எந்த அலைவரிசைகளில் இயங்கும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள், வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். பெட்டி வந்த அன்றே ஒரே ஒரு கேமராவையாவது அது இயங்க வேண்டிய இடத்திற்கே எடுத்துப்போய்ச் சோதியுங்கள். மரத்தில் கட்ட அனுமதி வேண்டும் என்றால் கையிலேயே பிடித்துக்கொண்டு பாருங்கள். அனுமதிக் கடிதம் வரும் முன் வாங்காதீர்கள். பெட்டியில் போட்டிருக்கும் மெகாபிக்சலையும் நம்பாதீர்கள், பல கருவிகளில் அது சிறிய படத்தை மென்பொருளால் ஊதிப் பெரிதாக்கிய கணக்கு. இதே மாதிரிக் கேமராவை ஏற்கெனவே வாங்கியவர்கள், திருப்பி அனுப்பும் காலம் இன்னும் மிச்சமிருந்தால், இன்றிரவே பேட்டரிகளைக் கழற்றி உள்ளே இருக்கும் அந்த ஸ்டிக்கரைப் பாருங்கள்.