வேன் பின்னால் வரும் சைக்கிள் சவாரி: உலு லங்காட், கோல குபு பாரு, செகிஞ்சான்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்கு வெளியே போய், ஓட்டும்போது பின்னாலேயே வேன் விட்டு, மதியச் சாப்பாட்டுக்குள் திருப்பிக் கொண்டுவந்து விடுகிற சேவை ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை. சொந்த சைக்கிள் என்றால் 120 வெள்ளி, அவர்கள் சைக்கிள் என்றால் 190. உலு லங்காட்டிலிருந்து செமினி அணை, கோல குபு பாருவிலிருந்து மலைப்பாதை, செகிஞ்சான் வயல்வெளி என்று மூன்று பாதை வைத்திருக்கிறார்கள். மூன்றும் ஓட்டியாகிவிட்டது. செமினிக்குக் கொடுத்த காசு தகும், கோல குபு பாருவுக்கு அரைமனதாகத்தான் சொல்வேன், செகிஞ்சானுக்கு இவர்கள் தேவையே இல்லை.

செமினி சவாரி உலு லங்காட் ரோட்டில் பத்து 14-ல், அதாவது 14-ஆவது மைலில் தொடங்குகிறது. 6.45-க்குக் கிளம்பச் சொல்கிறார்கள். நம் ஊரில் சூரியன் வருவதே ஏழு மணி வாக்கில்தான் என்பதால் முன்விளக்கு, பின்விளக்கு இரண்டும் எரிகிறதா என்று ஒவ்வொரு சைக்கிளாகப் பார்த்துவிட்டுத்தான் விடுகிறார்கள். பத்து 18 வரை லங்காட் ஆறு பக்கத்திலேயே வரும். நாசி லெமாக் கடைகள், டுரியான் கொட்டகைகள், ஆற்றில் குளிக்க வருகிறவர்களின் காடிகள் எல்லாம் அந்தப் பக்கம்தான், ஆனால் அந்த நேரத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். ஒன்பது மணிக்கு மேல் போய்ப் பாருங்கள், சொங்காக் ஆறு, காபாய் நீர்வீழ்ச்சி என்று குடும்பம் குடும்பமாகக் கிளம்பி வந்து ரோட்டோரம் பூராவும் காடியை நிறுத்திவிட்டு, பின்னால் பார்க்காமல் கதவைத் திறப்பார்கள். இந்த நேரக் கணக்கு இவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

பத்து 18-லிருந்து தெக்காலா பக்கம் திரும்பியதும் மேடு, அப்புறம் காடு. லங்காட் அணை, செமினி அணை இரண்டுமே சிலாங்கூருக்கும் கோலாலம்பூருக்கும் குடிதண்ணீர் கொடுப்பவை. தண்ணீர் வந்து சேர வேண்டிய மலைக்காடு என்பதால் அதை வெட்டாமல் விட்டு வைத்திருக்கிறார்கள், அதனால்தான் ரோட்டுக்கு மேல் இவ்வளவு நிழல், வெயில் ஏறிய பிறகும் சட்டை நனையாமல் மேடு ஏற முடிகிறது. மேடு முடிந்து இறங்கும்போது மரங்களுக்கு நடுவில் ஏரி விட்டு விட்டுத் தெரியும். இறங்கிக் குளிக்கலாமா என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். வீட்டில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீர் அது, விட மாட்டார்கள்.

மேடு ஏறுவதற்கு வேன் வேண்டாம். கால் வலித்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், யாரும் சிரிக்கப் போவதில்லை. வேன் வேண்டியது இறக்கத்துக்கு. அந்த ரோட்டில் ஞாயிறு காலை பெரிய மோட்டார்கள் கூட்டமாக வரும், வளைவில் எதிர்ப்பக்கம் தெரியாது, இரவு பெய்த மழையில் விழுந்த இலை வழுக்கும். வேன் ஓட்டும் அண்ணன் கடைசி ஆளுக்குப் பின்னால் இரட்டை சிக்னல் போட்டுக்கொண்டு, பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தாலும் வழிவிடாமல், நேர் ரோடு வரும் வரை அப்படியே வருகிறார். இறங்குவதற்கு முன் எல்லாரையும் நிறுத்திச் சொல்வது இரண்டே விஷயம்: "வளைவுக்குள்ள போயிட்டுப் பிரேக் புடிக்காதீங்க, முன்னாடியே புடிச்சிருங்க. டயரைப் பாக்காதீங்க, ரோடு எங்க முடியுதோ அங்க பாருங்க." புதிதாக ஓட்ட வந்த ஒரு தங்கச்சிக்கு மட்டும் கையைப் பிடித்து, ஹேண்டிலின் கீழ்வளைவில் எந்த விரல் எங்கே இருக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். எனக்கு 120 வெள்ளி அங்கேயே செரித்துவிட்டது.

அணைக்குப் பக்கத்தில் எனக்குப் பின் டயர் இறங்கியது. புது டியூப் மாட்டினால் முடிந்தது என்று நினைப்போம். அண்ணன் முதலில் டயரின் உள்பக்கத்தில் கட்டைவிரலை மெதுவாக ஓட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார், சின்ன இடுக்கியால் கண்ணுக்கே தெரியாத ஒரு கம்பியை இழுத்தார். முடி கனம்தான் இருக்கும். லோரி டயர் வெடித்தால் உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி நூலாகப் பிரிந்து ரோடு முழுக்கச் சிதறிவிடும், நம் ஊர் ரோட்டில் பாதிப் பஞ்சருக்கு அதுதான் காரணம், எடுக்காமல் விட்டால் புது டியூபும் அரை மணி நேரத்தில் போய்விடும் என்றார்.

கோல குபு பாரு சவாரிதான் எனக்கு மனக்குறை. பாதையில் குறை சொல்ல முடியாது. டவுனை விட்டதும் சிலாங்கூர் அணை, ஏரியைச் சுற்றி வளைந்து வளைந்து ஏறும் ரோடு, அப்புறம் சிலிங் ஆறு, அதற்கு மேல் முழுக்கக் காடு. பிரேசர் மலை வரை போனால் சுமார் 40 கிலோமீட்டர். இவர்கள் மலைக்குக் கீழே இருக்கும் கேப் என்ற இடம் வரை போய்த் திரும்புகிறார்கள், அங்கிருந்து மலைக்கு இன்னும் 8 கிலோமீட்டர். மேடு செங்குத்து கிடையாது, ஒரே சீராக மணிக்கணக்கில் ஏறும், கொஞ்சம் பழகியவர்கள் தாராளமாக ஓட்டலாம்.

ஆனால் விளம்பரத்தில் 'வரலாற்றுச் சவாரி' என்று போட்டுவிட்டு வாய் திறப்பதில்லை. அம்பாங் பெச்சாவைக் கடந்து போகிறோம், ஒரு வார்த்தை கிடையாது. பழைய கோல குபு டவுனே 1883-ல் அணை உடைந்து அடித்துக்கொண்டு போன இடம் அது, ஊர்ப்பெயரே உடைந்த அணைதான். அந்த வெள்ளத்தில் செத்த வெள்ளைக்கார அதிகாரி ரேங்கிங், ஆற்றின் காவலாக இருந்த வெள்ளை முதலையைச் சுட்டதால்தான் அணை உடைந்தது என்று அங்கே இன்றைக்கும் கதை சொல்வார்கள். இப்போது நாம் நின்று படம் எடுக்கும் ஏரிக்காக கெராச்சி, பெர்தாக் என்ற தெமுவான் ஒராங் அஸ்லி பூர்வகுடிக் கிராமங்கள் இடம் மாற வேண்டி வந்தது. மேலே ஏறும் அதே ரோட்டில்தான் 1951 அக்டோபர் 6-ஆம் தேதி பிரிட்டிஷ் ஹைகமிஷனர் ஹென்றி கர்னியைக் கம்யூனிஸ்டுகள் மறைந்திருந்து சுட்டுக் கொன்றார்கள். இவ்வளவையும் விட்டுவிட்டு ஏரி முன்னால் இருபது நிமிஷம் பனியனோடு குரூப் படம் எடுக்கிறார்கள். அந்த இருபது நிமிஷத்தைக் கடைசியில் திரும்பும்போது நம்மிடமிருந்துதான் வசூலிக்கிறார்கள், வேகம் வேகம் என்று. மலையில் மதியத்துக்கு மேல் இடி மழை சகஜம் என்பதால் அவர்கள் அவசரத்தில் நியாயம் இருக்கிறது. அப்படியென்றால் படத்தைக் குறைக்க வேண்டும்.

செகிஞ்சானைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தஞ்சோங் காராங் பக்கமிருந்து வாய்க்கால் ஓரமாகவே மட்டமான ரோடு. பெர்ணம் ஆற்றுத் தண்ணீரைத் திருப்பி, தெங்கி ஆறு வழியாக இந்த வயல்களுக்குக் கொண்டுவருகிறார்கள், வருஷத்துக்கு இரண்டு போகம். பயிர் பச்சையாக இருக்கும்போது போனால் கண் குளிரும், அறுத்த பிறகு போனால் வெறும் தாள்தான், எந்த மாதம் எப்படி இருக்கும் என்று முன்பதிவின்போது இவர்கள் சொல்வதும் இல்லை. மேடு கிடையாது, கடல் காற்று மட்டும் முகத்தில் அடிக்கும். காடியில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு நண்பர்களோடு போனால் எண்ணெய்க் காசு, டோல் காசோடு முடிந்துவிடும், திரும்பி வரும்போது கோல சிலாங்கூரில் மீனும் சாப்பிடலாம்.

வாடகை சைக்கிள் எடுப்பவர்களுக்கு ஒன்று. டிஸ்க் பிரேக் வைத்ததும் இருக்கிறது, ரிம் பிரேக் வைத்த பழையதும் இருக்கிறது, விலை ஒன்றுதான், கேட்காவிட்டால் பழையது வரும். மழை பெய்து ரிம் நனைந்துவிட்டால் இறக்கத்தில் அந்தப் பிரேக் பிடிக்கவே கொஞ்சம் தூரம் எடுக்கும், அதனால் செமினிக்கும் கோல குபு பாருவுக்கும் டிஸ்க் தவிர வேறு எதையும் வாங்காதீர்கள். பின்சக்கரப் பல் 28 உள்ளதும் தருவார்கள், மேடு ஏற இலேசாக இருக்க 32 கேளுங்கள், முட்டி உங்களுடையது. பெடல் அவரவர் கொண்டுபோனால் மாட்டித் தருகிறார்கள், அதற்குத் தனிக்காசு இல்லை.

சாப்பாடு சுமார். வேனில் வாழைப்பழம், 100 பிளஸ், ஐஸ் எல்லாம் உண்டு, உப்பாகக் கடிக்க ஒன்றும் கிடையாது. கச்சாங் பாக்கெட் ஒன்று சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பசியாறுவதைச் சவாரி முடிந்தபின் வைத்திருக்கிறார்கள், ரொட்டி சானாய் கடை நல்ல கடை, ஆனால் பதினொரு மணிக்குப் போனால் பாதி தீர்ந்திருக்கும்.

மழையால் ரத்தானால் பணம் திரும்ப வராது, வேறு தேதி மட்டும்தான் தருவார்கள், அதையும் மூன்று மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். நவம்பர், டிசம்பரில் பதிவு செய்வதாக இருந்தால் இதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செமினிக்கு ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர்தான் எடுக்கிறார்கள், புதன்கிழமைக்குள் நிறைந்துவிடுகிறது.