செந்நிறக் கல்லும் 66 எழுத்தும்: போர்க் கல்லறைத் தேடல் தளம், ஒரு மதிப்புரை

ஒரு கல்லறைக் கல்லின் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு மூன்று இரவு தூக்கத்தைத் தொலைத்தேன். இரு உலகப் போர்களில் இறந்த காமன்வெல்த் படையினரின் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

அந்த ஆணையத்தின் கற்கள் என்றாலே வெள்ளைப் போர்ட்லாந்து கல்தான் நினைவுக்கு வரும். இதுவோ செந்நிற மணற்கல். முதல் உலகப் போரில் இறந்த பிரிட்டிஷ் சிப்பாய் ஆல்பர்ட் இங்கமுடையது. அடியில் ஆங்கிலத்தில் பொறித்திருந்த வாசகத்தின் பொருள் இது: "விடியலில் சுடப்பட்டவன். முதலில் படையில் சேர்ந்தவர்களில் ஒருவன். தந்தைக்குத் தகுந்த மகன்." விடியலில் சுட்டது எதிரி இல்லை, படையை விட்டு ஓடியதற்காக அவனுடைய ராணுவமே. அதைக் கல்லிலேயே எழுதி வைப்பார்களா?

முதலில் அவசரப்பட்டு ஒரு வம்சாவளித் தளத்துக்குப் பணம் கட்டினேன். அதே பெயரில் வேறு யாரோ ஒருவருடைய திருமணப் பதிவைக் காட்டியது. சரி, போகட்டும்.

ஆணையத்தின் தேடல் இலவசம். சுமார் 17 லட்சம் பேரின் பதிவுகள் இருக்கின்றன. முழுப் பெயரைப் போட்டு ஆள் சிக்கவில்லை என்றால் குடும்பப் பெயரோடு முதலெழுத்தை மட்டும் போடுங்கள், பல பதிவுகளில் அவ்வளவுதான் இருக்கும். சர்வீஸ் நம்பர் கையில் இருந்தால் இன்னும் நல்லது. இங்கம் உடனே கிடைத்தான்: மான்செஸ்டர் ரெஜிமென்ட், 18ஆம் பட்டாலியன், இறப்பு 1916 டிசம்பர் 1, இடம் வட பிரான்சில் பய்யுல்மோன் ஊர் இடுகாடு. செந்நிறத்தில் மர்மம் எதுவும் இல்லை. அந்த இடுகாட்டில் ஆணையம் நட்ட கற்கள் எல்லாமே அந்த நிறம்தான். கொஞ்சம் ஏமாந்துதான் போனேன்.

தளத்தின் உண்மையான புதையல் பெயர்ப் பக்கத்தில் கீழே இருக்கும் பழைய ஆவணங்கள். கல்லில் என்னென்ன பொறிக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் தட்டச்சு செய்த பட்டியல்களை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். அவற்றைப் புரட்டப் புரட்டத்தான் வாசகங்கள் ஏன் இவ்வளவு சிக்கனமாக இருக்கின்றன என்று புரிந்தது. கல்லின் அடியில் சொந்த வாசகம் பொறிக்கக் குடும்பத்துக்குக் கிடைத்தது 66 எழுத்து, சொல் இடைவெளியும் அதில் சேர்த்தி. எழுத்துக்கு மூன்றரை பென்ஸ் என்று விலை வைத்து, பிறகு விருப்பப்பட்டால் கொடுக்கலாம் என்று மாற்றினார்கள். நியூசிலாந்து தன் வீரர்களுக்கு இந்த வாசகமே வேண்டாம் என்றுவிட்டது.

இங்கமின் ஆங்கில வாசகத்தை விரல்விட்டு எண்ணினேன். இடைவெளியோடு சரியாக 66. நம்பாமல் மறுபடி எண்ணினேன். மகன் குண்டுக் காயத்தால் இறந்தான் என்றுதான் தந்தைக்கு முதலில் சொன்னார்கள். உண்மை தெரிந்த பிறகு அவர் கேட்டு வாங்கிய வரிகள் இவை. ஓர் எழுத்தைக்கூட மிச்சம் வைக்கவில்லை மனுஷன்.

எப்படி இறந்தான் என்பதைப் பதிவு சொல்லாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி கல், ஒரே மாதிரி பதிவு என்பது ஆணையத்தின் பழைய கொள்கை, அதனால் இதை நான் குறையாக எடுக்கவில்லை. மரண தண்டனை பெற்றவர்களின் ராணுவ நீதிமன்றக் கோப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், டபிள்யூஓ 71 என்ற வரிசையில் இருக்கின்றன. முழுக் கதை வேண்டுமென்றால் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அப்படிச் சுடப்பட்டவர்களில் 306 பேருக்கு 2006இல் சட்டம் போட்டு மன்னிப்பு வழங்கினார்கள்.

ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண்ணைக் குறைத்தது, புதிதாக வருபவர் அந்த ஆவணங்களைக் கவனிக்காமலே பக்கத்தை மூடிவிடக்கூடும் என்பதால்.

அப்புறம், ஒரு பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். அதே இடுகாடு, அதே தேதி என்று போட்டுத் தேடினேன். ஆல்ஃபிரட் லாங்ஷா என்று இன்னொரு பெயர் வந்தது. இருவரும் ரயில்வே எழுத்தர்கள், நண்பர்கள். ஒன்றாகப் படையில் சேர்ந்து, ஒன்றாக ஓடி, டியெப் துறைமுகத்தில் ஒரு கப்பலில் ஒன்றாகப் பிடிபட்டார்கள். கற்களும் அடுத்தடுத்துத்தான் நிற்கின்றன.