டெல் மீ வை: டைலருக்காகவே ஆடலாம்

நேத்து ராத்திரிதான் டெல் மீ வை முடிச்சேன், மனசு இன்னும் அதுலயேதான் கெடக்கு. 2020ல டோன்ட்நாட்ங்கிற ஃப்ரெஞ்ச் கம்பெனி பண்ண வீடியோ கேம், மொத்தமே மூணு எபிசோடு. அலாஸ்கால ஒரு சின்ன ஊரு, டைலர், ஆலிசன்னு ரெட்டைப் பிள்ளைங்க, பத்து வருஷம் பிரிஞ்சிருந்துட்டு அம்மா வீட்டை விக்க வர்றாங்க, அம்மா செத்த அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு ரெண்டு பேருக்கும் ஞாபகம் வேற வேற, எதை நம்பணும்னு நாமதான் முடிவு பண்ணணும்.

டைலர் ஒரு திருநம்பி, அதாவது பொறந்தப்ப பொண்ணுன்னு சொல்லப்பட்ட ஆண். குரல் குடுத்த ஆகஸ்ட் ஏடன் பிளாக்கும் திருநம்பிதான், அதான் அந்தப் பேச்சுல அவ்ளோ உண்மை இருக்கு. பொறந்தப்ப வெச்ச பேரை எங்கயும் இழுத்து அவனை நோகடிக்கல பாருங்க, அந்த மரியாதை எனக்கு ரொம்ப முக்கியம். அழுதுட்டே இருக்கிற கேரக்டரும் இல்ல, ஆலிசன் கூட சண்டை போடுறான், சிரிக்கிறான், நாம விட்டா ஆலிசனோட ஃப்ரெண்டு மைக்கேலை லவ்வும் பண்றான்!

பசில் எல்லாம் மெதுவாத்தான் போகும், அவசரப்படுறவங்களுக்கு செட் ஆகாது. 2021ல இருந்து, எல்ஜிபிடி மக்கள் கொண்டாடுற ப்ரைடு மாசமான ஜூன்ல ஃப்ரீயாவே குடுத்திருக்காங்க, கெடைச்சா விட்டுடாதீங்க.