பிதர்கனிகா போகப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்: எங்களுக்குப் போனது 38,500 ரூபாய்

நேற்று காலைதான் பெங்களூரு வந்து இறங்கினோம். பைகளை இன்னும் பிரிக்கவில்லை. கோபம் ஆறிவிட்டால் "சரி, போனது போகட்டும்" என்று நானே விட்டுவிடுவேன், என் சுபாவம் அப்படி. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். 38,500 ரூபாய். சீட்டு எடுத்த பணம்.

ஒடிசாவில் கேந்திரபாடா மாவட்டத்தில் இருக்கிறது பிதர்கனிகா. சுந்தரவனத்துக்கு அடுத்து இந்தியாவின் பெரிய அலையாத்திக் காடு அதுதான். என் மகனுக்குப் பதினொரு வயது, முதலைப் பைத்தியம். நோட்டின் கடைசிப் பக்கமெல்லாம் முதலைதான் வரைந்திருப்பான். அங்கே இருப்பது செம்மூக்கு முதலை, உப்புத் தண்ணீரில் வாழ்வது, 23 அடி நீள முதலை ஒன்று அங்கே இருப்பதாக கின்னஸ் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது, வெளுத்த நிறத்தில் பிறக்கும் முதலையை அங்கே சங்குவா என்பார்கள் என்று இதையெல்லாம் எனக்குச் சொன்னதே அவன்தான். ஐந்தாம் வகுப்பு முடித்தால் கூட்டிப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில்தான். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஆபீஸில் ஒன்றாக லீவு கிடைத்தது மே இரண்டாம் வாரம்.

நான் தினமும் பஸ் பிடிக்கும் வழியில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸ். ஒற்றை அறை, இரண்டு நாற்காலி, கண்ணாடிக் கதவு முழுக்க மணாலி, அந்தமான் படங்கள். பெயரைப் போடவில்லை, இப்போதைக்குப் போட வேண்டாம் என்று சட்டம் தெரிந்த ஒருவர் சொன்னார். சும்மா விசாரிக்கத்தான் உள்ளே போனோம். அத்தையும் கூட வந்திருந்தார். நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டதைக் கேட்டதும் அந்த ஆள் எழுந்து நின்று, "வாங்கக்கா, நம்ம ஊர்க்காரங்களா? உக்காருங்கம்மா" என்றார். சுவரில் தமிழ் தினசரிக் காலண்டர். இந்த ஊரில் பதினாறு வருடம் இருந்தும், தமிழில் ஒருவர் "அக்கா" என்று கூப்பிட்டால் மனசு இளகிவிடுகிறது. நான் ஏமாந்தது அந்த நிமிடத்தில்தான் என்று இப்போது தெரிகிறது.

அத்தை கிள்ளையில் பிறந்து வளர்ந்தவர். பிச்சாவரம் அவருக்குக் கொல்லைப்புறம் மாதிரி. அதைச் சொன்னதும் அந்த ஆள், "எங்க அம்மாவுக்குப் பரங்கிப்பேட்டைம்மா" என்றார். அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்புறம் அரை மணி நேரம் இரண்டு பேரும் ஊர்க்கதை. அது உண்மையா, பார்ட்டிக்கு ஏற்ற மாதிரி ஊர் மாற்றுகிறாரா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நான் கேட்காமல் இல்லை. "மே மாசம் காடு திறந்திருக்குமா? வெயில் தாங்குமா?" என்று இரண்டு தடவை கேட்டேன். "வெயிலுக்குத்தான்க்கா முதலையெல்லாம் கரையில வந்து கெடக்கும். கூட்டமும் இருக்காது. பர்மிட், படகு, ரூம் எல்லாம் என் பொறுப்பு. காட்டுக்குள்ள டாங்மால்லயே தங்குறீங்க" என்றார். நான்கு பேருக்கு மூன்று இரவு, புவனேஸ்வரிலிருந்து கார். அன்றைக்கு 10,000 கட்டினேன். இரண்டே நாளில் "கடைசி காட்டேஜ்க்கா, இன்னொரு பார்ட்டி கேக்குறாங்க" என்று போன். மீதி 28,500-ஐ ஆபீஸ் லிஃப்டில் நின்றபடியே போனில் அனுப்பினேன். ஆக மொத்தம் 38,500. ரயில் டிக்கெட் தனி.

பர்மிட் என்று ஒரு பி.டி.எஃப். வாட்ஸ்அப்பில் வந்தது. முழுக்க ஒடியா எழுத்து, கீழே வட்ட முத்திரை. எனக்கு ஒடியா படிக்கத் தெரியாது. முத்திரை இருக்கிறதே என்று பிரிண்ட் எடுத்து பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தேன்.

ஒரு நாளுக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து புவனேஸ்வர் போய்ச் சேர்ந்தோம். கார் நிஜமாகவே வந்திருந்தது. கேந்திரபாடா தாண்டியதும் டிரைவர் இந்தியில் எதையோ கேட்டார். என் வீட்டுக்காரருக்கு அரைகுறை இந்தி. "பார்க் மூடியிருக்குமே, எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறார்" என்றார். உடனே டிராவல்ஸ்காரருக்குப் போன் போட்டேன். "டிரைவருக்கு என்னக்கா தெரியும்? கேட்ல நம்ம ஆள் நிப்பாரு, நேரா போங்க" என்றார். அப்போதே திரும்பியிருக்க வேண்டும். இரண்டாம் தடவையும் நம்பினேன்.

கோலா நுழைவாயிலில் கேட் பூட்டியிருந்தது. நம்ம ஆள் யாரும் நிற்கவில்லை. பெரிய போர்டில் மே 1 முதல் ஜூலை 31 வரை மூடல் என்று எழுதியிருந்தது. இது வருஷா வருஷம் நடப்பது. அந்த மூன்று மாதமும் முதலைகள் முட்டையிட்டு அடைகாக்கும் காலம். அங்கிருந்த வனக்காவலர் ரொம்ப நல்ல மனிதர். என் மகன் முகம் சுருங்கியதைப் பார்த்துவிட்டு அவனிடம் உட்கார்ந்து இந்தியில் விளக்கினார், என் வீட்டுக்காரர் மொழிபெயர்த்தார். பெண் முதலை இலை தழையையும் சேற்றையும் குவித்து மேடு கட்டி ஐம்பது முட்டை போல இடுமாம். குஞ்சு பொரிக்க இரண்டரை மாதம் ஆகுமாம். அதுவரை பக்கத்திலேயே காவல் கிடக்கும், படகு கிட்டே போனால்கூடப் பாயுமாம். காட்டுக்குள் ஆள் விடாததற்கு அதுதான் காரணம். கரையில் கிடக்கும் முதலைகளைப் பார்க்க வேண்டுமென்றால் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வரச் சொன்னார். குளிருக்கு வெயில் காய, தண்ணீர் வற்றும் நேரத்தில் சேற்றில் வரிசையாகக் கிடக்குமாம். டிராவல்ஸ்காரர் சொன்னதற்கு நேர் எதிர்.

பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்த பர்மிட்டைக் காட்டினேன். அவர் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அது போன வருஷம் டிசம்பரில் யாரோ ஏழு பேர் படகு வாடகைக்குக் கட்டிய ரசீது. பர்மிட்டே இல்லை.

அத்தை அதற்குள் கரையோரம் நடந்து போயிருந்தார். பேரன் ஒரு கிளையை ஒடிக்கப் போனதும், "தொடாதேடா, தில்லை! பால் கண்ணில் பட்டால் பார்வை போயிடும்" என்று கத்தினார். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்த அதே மரம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தாண்டி வந்து, பூட்டிய கேட்டுக்கு வெளியே, தன் ஊர் மரத்தை அத்தை அடையாளம் கண்டுபிடித்தார். இந்தப் பயணத்தில் நாங்கள் பார்த்த அலையாத்திக் காடு அவ்வளவுதான்.

காட்டுக்குள் காட்டேஜ் என்றாரே, அது ராஜ்நகர் பக்கம் சாலையோர லாட்ஜ். அங்கேயும் எங்கள் பெயரில் ஒரு இரவுக்குத்தான் பணம் கட்டியிருந்தது. மறுநாள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மீதி நாளைப் புவனேஸ்வரில் சொந்தக் காசில் ஓட்டினோம். அத்தையை லிங்கராஜர் கோவிலுக்கு அழைத்துப் போனதோடு சரி.

அதற்கப்புறம் அந்த ஆள் பேசிய பேச்சுதான் பணம் போனதைவிட எனக்கு வலிக்கிறது. கேட்டில் நின்று அழைத்தபோது, "அப்படியா? ஃபாரஸ்ட்ல திடீர்னு மூடிட்டாங்க போல" என்றார். வருஷா வருஷம் ஒரே தேதியில் மூடுவது எப்படித் திடீர் ஆகும்? சாயங்காலம் அழைத்தபோது, "அது ஒடிசா ஆபரேட்டர் பண்ண தப்பு, நான் நடுவுல இருக்கிற ஆள்தானே". மறுநாள், "ஏழு வேலை நாள்ல ரீஃபண்ட்". அதற்கு மறுநாள், "பயணம் ஆரம்பிச்சிட்டா பணம் திரும்பாதுன்னு கண்டிஷன்ல இருக்கு மேடம்". அந்தக் கண்டிஷனை எனக்கு அவர் ஒருநாளும் காட்டியதில்லை. இன்னொன்றும் கவனித்தேன். பணம் கட்டும்வரை அக்கா. பணம் கேட்டதும் மேடம். இப்போது ஒன்றும் இல்லை, போனையே எடுப்பதில்லை. கடைசியாக வந்த மெசேஜ், 38,500-க்குப் பதிலாகக் கூர்க் போக 12,000 ரூபாய் கிரெடிட் நோட் தருகிறாராம், மூன்று மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டுமாம். எனக்குக் கூர்க் வேண்டாம். என் 38,500 வேண்டும்.

நேற்று சாயங்காலம் நேரிலேயே போனேன். புதிதாக ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். "அண்ணன் வெளியூர்" என்றான். அண்ணனின் ஸ்கூட்டர் வாசலிலேயே நின்றது. அரை மணி நேரம் காத்திருந்தேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "சாத்தணும்க்கா" என்றான். அந்தப் பையனைத் திட்ட மனசு வரவில்லை, வந்துவிட்டேன்.

சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன், நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். இது எனக்கு நேற்றுதான் தெரிந்தது.

பிதர்கனிகா போவது எப்படி என்று விரிவாக எழுதித் தருகிறேன் என்று எங்கள் அபார்ட்மெண்ட் ஆட்களிடம் கிளம்பும்போது சொல்லியிருந்தேன். உள்ளேயே போகாமல் என்ன எழுத? காவலரிடம் கேட்டதையும் நான் பட்டதையும் அவசரமாகச் சொல்லிவிடுகிறேன்.

மே, ஜூன், ஜூலை மாதங்களில் போவதற்கு யார் என்ன சொன்னாலும் பணம் கட்டாதீர்கள். ஜனவரியிலும் முதலைக் கணக்கெடுப்புக்காகச் சில நாள் மூடுவார்கள், தேதி கேட்டுக்கொள்ளுங்கள். டாங்மாலில் தங்குவதற்கு ஒடிசா வனத்துறையின் சுற்றுலா இணையதளத்திலேயே நேரடியாக அறை எடுக்கலாம், நடுவில் ஆள் தேவையில்லை. சந்தேகம் இருந்தால் ராஜ்நகரில் இருக்கும் வனக்கோட்ட அலுவலகத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள். நான் அந்த ஒரு போனைப் போட்டிருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

ரயிலில் போனால் பத்ரக்கில் இறங்கிச் சாந்த்பாலி வழியாகப் படகில் போகலாம். புவனேஸ்வரிலிருந்து காரில் வந்தால் கோலா அல்லது குப்தி நுழைவாயில். எல்லோருக்கும் அசல் அடையாள அட்டை வேண்டும். கையில் பணமாக வைத்துக்கொள்ளுங்கள். படகு பகலில் மட்டும்தான். ஓடைக்குள் எப்போது போக முடியும், எப்போது முதலை தெரியும் என்பது அன்றைய கடல் நீரின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தது, அதைக் கேட்டு நேரம் வையுங்கள். பிச்சாவரத்தில் செய்கிற மாதிரி படகிலிருந்து கையைத் தண்ணீரில் விடவே கூடாது, குழந்தைகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மே மாதத்தில் அந்தக் கடற்கரைக்குப் புயல் பயமும் உண்டு, 2021-ல் யாஸ் புயல் மே 26 அன்று தாமராவுக்கு வடக்கேதான் கரையைக் கடந்தது. பர்மிட் என்று எந்தத் தாள் வந்தாலும் அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு மீதிப் பணத்தை அனுப்புங்கள். பெங்களூரில் ஒடியா பேசுகிறவர்களுக்கா பஞ்சம்? எங்கள் அபார்ட்மெண்ட் செக்யூரிட்டியே ஒடிசாக்காரர். இன்று காலை அவரிடம் காட்டினேன், இரண்டு நிமிடத்தில் படித்துச் சொல்லிவிட்டார்.

கிழக்குப் பெங்களூரில் ஒற்றை அறை டிராவல்ஸ், தமிழ் பேசுகிற ஆள், "எங்க அம்மாவுக்கு உங்க ஊர்தான்" என்று பேச்சை ஆரம்பிப்பவர். உங்களில் யாரிடமாவது இவர் இப்படிப் பணம் வாங்கியிருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம். ரசீதுகளும் வாட்ஸ்அப் உரையாடலும் என்னிடம் முழுதாக இருக்கின்றன. நாளை காலை ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, கடை திறக்கும் நேரத்துக்கு மறுபடியும் போகிறேன். இந்தத் தடவை அத்தையும் வருகிறேன் என்கிறார்.