கறிக்குள்ள குத்திப் பாக்குற டிஜிட்டல் தெர்மாமீட்டர்: ஆறு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

வெட்டுற எடத்துலேர்ந்து கடை வரைக்கும் கறி கொண்டு போறதுதான் நம்ம வேலை, கூலிங் வண்டியெல்லாம் கெடையாது, தெர்மாகோல் பொட்டியும் ஐஸும்தான். இத வாங்குன அன்னிக்கே மூக்கு உடஞ்சுது. மேல ஐஸ் உருகவே இல்ல, கைய வெச்சா ஜில்லுனு இருக்கு, சும்மா பாப்போமேன்னு நடுவுல கெடந்த தொடைக்கறியில எலும்பு ஓரமா ஊசிய எறக்குனா 29 டிகிரி! மெஷின்தான் ஓட்டைன்னு நெனச்சு ஐஸ் தண்ணியில முக்குனேன், கரெக்டா 0 காட்டுச்சு. அப்ப தப்பு நம்ம மேலதான். 38, 39 டிகிரியில இருந்த உடம்பு, ஆறுறதுக்குள்ள ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி மூடிட்டா உள்ள சூடு எங்க போகும்? 5லேர்ந்து 60 டிகிரி வரைக்கும்தான் கிருமிக்குக் கொண்டாட்டம், தோதான சூடு கெடச்சா ஈ.கோலைங்குற குடல் கிருமி 20 நிமிஷத்துக்கு ஒருவாட்டி ரெண்டாயிடும், நம்ம ட்ரிப்போ மூணு மணி நேரம், கணக்கு போட்டா ஒண்ணு 512 ஆகுது. இப்பல்லாம் மொதல்ல ஐஸ் மேல ஒத்தை அடுக்கா பரப்பி ஆறவிட்டு, அப்புறம் சின்னச் சின்ன பையா கட்டி நடுநடுவுல ஐஸ் வெக்குறேன், 5க்கு கீழ எறங்குது.

கொறைன்னா, நம்பர் நிக்க பத்து செகண்டு ஆகுது, ஈரக்கையோட தொட்டா டிஸ்ப்ளே மங்குது. அதவிட கடுப்பு, ஒவ்வொரு தடவையும் ஊசிய ஸ்பிரிட் வெச்சு தொடைக்கணும்னு கூட வந்த பேப்பர்ல ஒரு வரிகூட இல்ல. தொடைக்காம குத்துனா ஒரு துண்டு மேல இருக்குற அழுக்கு அடுத்த துண்டுக்குள்ளயே போயிரும், நானே ஒரு வாரம் அப்படித்தான் குத்திட்டு இருந்தேன். லேசர் அடிச்சுப் பாக்குற துப்பாக்கி மாடல் இந்த வேலைக்கு ஆகாது, மேல்தோல் சூடு மட்டும்தான் காட்டும்.

வெட்டும்போது குடல் கிழிஞ்சு கறியில பட்டிருந்தாலும் இது பாட்டுக்கு 4 டிகிரின்னு சமத்தா காட்டும், அதையும் தெரிஞ்சுக்கோங்க. குளிர் கிருமிய சாகடிக்காது, பெரும்பாலும் பெருகாம பாத்துக்கும், அவ்வளவுதான், லிஸ்டீரியான்னு ஒரு கிருமி ஃப்ரிட்ஜ்லயே வளரும். வீட்டுல அடுப்புலயும் இதான் ஓடுது, கோழி 74, அரைச்ச கறி 71 வந்தாதான் எறக்குறோம், நெறம் மாறிடுச்சுன்னு நம்புறதில்ல. அரைச்சதுல வெளிய இருந்த கிருமியெல்லாம் உள்ள கலந்துருக்கும்ல.

நாலு ஸ்டார். பேட்டரி மூடி லூசாயிடுச்சு, டேப் ஒட்டி ஓட்டிட்டு இருக்கேன்.