பள்ளிக்கு வேனா, சைக்கிளா? எங்கள் வீட்டில் முடிவு செய்தது காலைத் தூக்கம்

மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனபோது பள்ளி வேனை நிறுத்திவிட்டு சைக்கிளுக்கு மாறினோம். பள்ளி நான்கு கிலோமீட்டர் தொலைவு. வேன், சைக்கிள், நாங்களே வண்டியில் கொண்டுபோய் விடுவது என்று மூன்றையும் எடைபோட்டுப் பார்த்துத்தான் மாறினோம். நான் சைக்கிள் பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவு, புகை, உடற்பயிற்சி பற்றியெல்லாம் நீட்டி முழக்க வேண்டியதில்லை. 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடல் களைக்க இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016ஆம் ஆண்டுக் கணக்கின்படி 11 முதல் 17 வயதினரில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. போக இருபது, வர இருபது நிமிடம் மிதித்தாலே அதில் பெரும்பங்கு வந்துவிடும்.

ஆனால் எங்களை மாற வைத்தது காலைத் தூக்கம்தான்.

வேன் நேராகப் பள்ளிக்குப் போவதில்லை. தெருத்தெருவாகச் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. முதலில் ஏறுகிற பிள்ளைக்குத்தான் பயணம் மிக நீளம். எங்கள் மகள் முதல் ஆள். நான்கு கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம். அதற்கு முன் தெருமுனையில் காத்திருப்பு வேறு. சைக்கிளுக்கு மாறியதும் அவள் எழுந்திருக்கும் நேரம் அரை மணிக்கு மேல் தள்ளிப்போனது.

அரை மணி நேரம் என்ன பெரிது என்று கேட்பவர்கள் பதின்வயதினரின் உடலைக் கவனிக்க வேண்டும். பருவமடையும் காலத்தில் உடலின் உள்கடிகாரமே பின்னோக்கித் தள்ளிப்போகிறது. தூக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலடோனின், சிறு பிள்ளைகளுக்குச் சுரப்பதைவிடத் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. சீக்கிரம் படுக்க வைத்தாலும் புரண்டுகொண்டே இருப்பார்கள். அதைச் சோம்பல் என்று திட்டுவது அநியாயம். 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி. பதின்வயதினருக்கான பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்க வேண்டாம் என்றே அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2014இல் பரிந்துரைத்தது. பள்ளி மணி நம் கையில் இல்லை. இரவில் சீக்கிரம் தூங்க வைப்பதும் ஓரளவுக்குத்தான் முடியும். நாம் கைவைக்கக்கூடிய ஒரே இடம் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையில் கரைகிற நேரம்.

வேனிலேயே தூங்கிக்கொள்ளலாமே என்பார்கள். நிறுத்தத்துக்கு நிறுத்தம் கதவு திறந்து மூடும் வண்டியில் வருவது அரைத்தூக்கம், தலைவலிதான் மிச்சம். தூங்காத பிள்ளைகள் கைபேசியில் மூழ்கிவிடுகிறார்கள். சைக்கிளில் அதற்கு வழியே இல்லை. தவிர, காலை வெளிச்சம் கண்ணில் படுவது பின்தங்கிய உள்கடிகாரத்தைச் சற்று முன்னுக்கு இழுக்கவும் உதவும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: காலையில் மிச்சமான அரை மணியை இரவில் கைபேசி விழுங்கிவிடக் கூடாது. எங்கள் வீட்டில் இரவானால் எல்லாக் கைபேசிகளும், என்னுடையது உட்பட, கூடத்து மேசைக்குப் போய்விடும்.

நாமே கொண்டுபோய் விட்டாலும் இதே அளவு தூக்கம் மிச்சமாகும். போகும் வழியில் நாலு வார்த்தை பேசவும் முடியும். அது எனக்குப் பிடித்த விஷயம்தான். சிக்கல் மாலையில். பந்து விளையாட நின்றாலும் சிறப்பு வகுப்பு நீண்டாலும், ஒன்று அவள் எனக்காகக் காத்திருக்க வேண்டும், அல்லது நான் வேலையைப் பாதியில் விட்டு ஓட வேண்டும்.

சைக்கிளைப் பராமரிக்கும் வேலையை மகளிடமே விட்டுவிட்டோம். ஞாயிறு மாலை டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். அமுங்கினால் பம்பை எடுப்பாள். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னே தள்ளிப் பார்ப்பாள். செயின் கழன்றால் கீழ்ப்பல்லில் மாட்டி, பெடலைக் கையால் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றினால் ஏறிவிடும். கையில் கறை படாமலிருக்கப் பையில் ஒரு பழந்துணி வைத்திருக்கிறாள். புத்தகப் பை முதுகில் ஏறாது. கேரியரில் வைத்து ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டிவிடுவாள். பங்க்சர் ஒட்ட மட்டும் கடைக்குத்தான் போகிறோம்.

பாதுகாப்பு விஷயத்தில் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உலக அளவில் 5 முதல் 29 வயதுவரை உள்ளவர்களின் உயிரிழப்புக்கு முதல் காரணம் சாலை விபத்து. எங்களுக்கு உள்தெருக்கள் வழியாகவே பாதை அமைந்தது. நடுவில் ஒரே ஒரு பெரிய சந்திப்பு. அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டுதான் கடக்க வேண்டும், ஹெல்மெட் இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது என்பது கறாரான விதி. பாதையை நானும் அவளும் முதலில் விடுமுறை நாளிலும், பிறகு பள்ளி நேரத்து நெரிசலிலும் சேர்ந்தே ஓட்டிப் பார்த்தோம். லாரிகள் விரையும் நெடுஞ்சாலைதான் வழி என்றால் வேனிலேயே தொடர்ந்திருப்பேன். ஏழெட்டு கிலோமீட்டர் தொலைவுக்கும் சைக்கிள் சரிவருமா என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது. கொட்டும் மழையில் நாங்கள்தான் கொண்டுபோய் விடுகிறோம்.

வேனுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஓட்டுநரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: காலையில் உங்கள் பிள்ளை எத்தனையாவதாக ஏறும்? கடைசி இரண்டு மூன்று நிறுத்தங்களில் ஒன்று என்றால், தூக்கத்தை வைத்து நான் சொன்ன வாதம் உங்களுக்குப் பொருந்தாது, வேனே போதும்.