லிச்சிக்கு ஏழு வருஷம், பீர்க்கனுக்கு எட்டு வாரம்

மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டுக் கொல்லை ஒன்றும் பெரியதில்லை. துவைக்கல், அத்தையின் கறிவேப்பிலை, ஒரு முருங்கை போக ஒரு கார் நிறுத்துகிற அளவுக்குத்தான் இடம் மிச்சம். அந்த மாதிரி இடத்தில் பழமரம் வைப்பதா, காய்கறிக்கொடி விடுவதா என்று இங்கே புதிதாக வீடு கட்டிய இரண்டு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். எனக்கோ பேராசை, இரண்டையும் வைத்தேன், அதுவும் ஒன்றின் மேல் ஒன்றாக. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் லிச்சி.

லிச்சியை விதை போட்டு வளர்த்தால் பத்து வருஷத்துக்கு மேலும் ஆகலாம், பழமும் தாய்மரத்துப் பழம் மாதிரியே வரும் என்று சொல்ல முடியாது. அதனால் எல்லோரும் வாங்குவது பதியன், அதாவது கிளையிலேயே வேர் விடவைத்து வெட்டியெடுத்த கன்று, இங்கே மார்க்கோட் என்பார்கள். முதலில் ஒரு நர்சரியில் (பெயர் வேண்டாம்) வாங்கிய கன்று மூன்றே மாதத்தில் கருகிவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் நாலு வேர், அதுவும் தலைமுடி மாதிரி. கிளையிலிருந்து வெட்டின கையோடு பையில் நட்டு விற்றிருக்கிறார்கள். போய்க் கேட்டால், நீங்கள் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டீர்கள் என்றார்கள். இரண்டாவது கன்றை 2016 டிசம்பரில் வேறு இடத்தில், சில மாதம் பையிலேயே இருந்து புதுத் துளிர் விட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். தாய் ஸோ என்கிற ரகம், இந்த ஊரில் பெரும்பாலும் இதுதான். இங்கிருந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போன லிச்சிக்கு அங்கே பெயரே ‘மொரீஷியஸ்’ என்றுதான்.

நடுகிற அன்றைக்கு அத்தை தன் அக்கா வீட்டுப் பழைய லிச்சி மரத்தடியிலிருந்து இரண்டு வாளி மண் கொண்டுவந்து குழியில் கொட்டினார். ஏதோ சாங்கியம் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது, லிச்சி வேரோடு ஒட்டி வாழ்ந்து அதற்குச் சத்து எடுத்துக் கொடுக்கிற பூஞ்சைகள் உண்டாம், அவை பழைய மரத்தடி மண்ணில் இருக்கும். நர்சரியில் இதை ஒருவரும் சொல்லவில்லை.

ஐந்தாவது வருஷம், 2021இல், முதல் பூ. நவம்பர் கடைசியில் பழம் சிவக்கத் தொடங்கியபோது எண்ணிப் பார்த்தேன், அறுபத்திரண்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல் கீச்சுக் கீச்சென்று சண்டைச் சத்தம், டார்ச் அடித்தால் நரி முகத்தோடு இரண்டு பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சாவகாசமாகத் தின்கின்றன. இங்கே சோவ்சூரி என்பார்கள். சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையை உருட்டித் துப்புகிற ஜாதி. மூன்று ராத்திரியில் எல்லாம் முடிந்தது, காலையில் மரத்தடி முழுக்கப் புளித்த வாடை. பகலில் மிச்சத்தைக் கொத்த, தலையில் கொண்டை வைத்த ‘கொண்டே’ குருவி வேறு. கோபம் வரத்தான் செய்தது, ஆனால் அந்த வௌவால் நம் தீவுக்கூட்டத்துக்கே உரியது. பழத்தோட்டக்காரர்களின் புகாரால் 2015, 2016 என்று அரசாங்கமே சுட்டுத் தள்ளி, 2018இல் அது அருகிவரும் இனங்களின் பட்டியலில் ஏறியது. எனவே வழி ஒன்றுதான், வலை. அதுவும் சிறிய கண்ணுள்ள வலையாக, தொய்வில்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும். தளர்வாகப் போட்டால் வௌவால் சிக்கிச் சாகும், காலையில் அதைப் பிரித்தெடுக்கிற வேலை யாருக்கும் வேண்டாம்.

2022இல் வலைக்கு வேலையே வரவில்லை, தப்பு என்னுடையது. இங்கே குளிர்காலம் தொடங்குகிற மே மாதத்திலிருந்து பாசத்தில் தண்ணீரும் உரமும் ஊட்டினேன். லிச்சிக்குக் குளிர்காலத்தில் கொஞ்சம் குளிரும் வறட்சியும் வேண்டும், அப்போதுதான் பூக்கும். நான் ஊற்றிய ஊற்றில் மரம் பளபளவென்று இலையாகத் தள்ளியது, ஒரு பூங்கொத்து கூட இல்லை. வயிறு நிறைந்த பிள்ளை எழுந்து வேலை செய்யுமா என்றார் அத்தை.

சரி, பீர்க்கங்கொடிக்கு வருவோம். இங்கே பேசுகிற கிரியோல் மொழியில் இதன் பெயர் பிப்பாங்காய், நம் பீர்க்கங்காய்தான் கப்பலேறி வந்து அப்படித் தேய்ந்திருக்கிறது. கல்யாணமாகித் தஞ்சாவூரிலிருந்து வந்த புதிதில் சந்தையில் அந்தப் பெயரைக் கேட்டு நான் சிரித்ததை அத்தை இன்னும் மறக்கவில்லை. ஒரு பாக்கெட் விதை ஒரு கட்டுக் கீரை விலைதான். ராத்திரி ஊறவைத்துக் காலையில் ஊன்றினால் ஒரு வாரத்தில் முளை, ஆறு வாரத்தில் பூ, எட்டாவது வாரம் முதல் காய். முதலில் கொத்துக் கொத்தாக ஆண்பூவாகவே வரும், பயந்து பிடுங்கிவிடாதீர்கள். பூவுக்குக் கீழே சுண்டுவிரல் காய் ஒட்டிக்கொண்டு தனியாக வந்தால் அது பெண்பூ. பீர்க்கம்பூ சாயங்காலம்தான் விரியும், ஆகவே ஐந்து, ஆறு மணி வாக்கில் ஓர் ஆண்பூவைப் பறித்து இதழை உரித்துப் பெண்பூவில் மெதுவாகத் தடவிவிட்டால் காய் பிடிப்பது நிச்சயம். வேலை முடிந்து வந்து செய்ய இதைவிட நல்ல தோட்டவேலை கிடையாது.

எதிரி பழ ஈ. பிஞ்சிலேயே குத்தி முட்டை வைத்துவிடும், காய் கோணி மஞ்சளாகி உள்ளே நெளியும். மருந்து அடிக்க எனக்கு மனமில்லை. பிஞ்சு விரல் நீளம் வந்ததும் பழைய செய்தித்தாளைக் குழாயாகச் சுற்றி மேலே நூல் கட்டிவிடுகிறேன், குத்து வாங்கியதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போட்டுவிடுகிறேன். ஏதாவது ஒரு காய் நாக்கில் வைத்ததும் கடுமையாகக் கசந்தால் அதைச் சமைக்காமல் எறிந்துவிடுங்கள். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. தோல் துவையலுக்கு, காய் பருப்புக்கூட்டுக்கு, பார்க்காமல் விட்டு முற்றினது குளியலறையில் முதுகு தேய்க்க.

இப்போது என் புத்திசாலித்தனம். 2023இல் உரத்தை நிறுத்தி, குளிர்காலம் முழுக்க மரத்தைக் காயப்போட்டேன், ஆகஸ்டில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. அக்டோபரில் நாலு இரும்புக் குழாய் நட்டு வலை கட்டினோம். பார்த்தால் அச்சு அசல் பந்தல். சும்மா நிற்கிறதே என்று நாலு குழாய்க்கும் அடியில் பீர்க்கன் ஊன்றினேன். டிசம்பரில் வலைக்குள்ளே சிவப்பு லிச்சி, வலைக்கு மேலே மஞ்சள் பூ, பக்கத்து வீட்டுக்காரர்கள் படம் எடுத்துப் போனார்கள். ஒரு வௌவாலும் உள்ளே வரவில்லை, எழுநூறுக்கு மேல் பறித்தோம். லிச்சி பறித்த பிறகு பழுக்காது, எனவே மரத்திலேயே நன்றாகச் சிவந்த பிறகுதான் காம்புக் கொத்தோடு வெட்ட வேண்டும், வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் தோல் பழுப்பாகிவிடும், ஆகவே தெரு முழுக்கப் பங்கு போனது.

பழம் முடிந்ததும் வலையைக் கழற்றியிருக்க வேண்டும். கொடி வலைக்கண்ணில் எல்லாம் சுருள்கம்பி விட்டுப் பின்னிக்கொண்டு காய்த்துத் தள்ளுகிற நேரம், தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதமும் வருகிறது, வீட்டில் ஆறு பேருக்கு மரக்கறிச் சாப்பாடு, எப்படி அறுப்பது? விரதம் முடியட்டும் என்று விட்டேன். ஜனவரி 15ஆம் தேதி பெலால் புயல் வந்தது. தலைநகர் போர்ட் லூயிஸில் வெள்ளம் காரையெல்லாம் அடித்துப் போனது, எங்கள் கொல்லையில் இலை அடைத்த வலை கப்பல் பாய் மாதிரி காற்றை வாங்கிக் குழாயோடு மரத்தையும் சேர்த்து இழுத்துச் சாய்த்தது. பதியன் கன்றுக்கு ஆணிவேர் கிடையாது, பக்கவேரை நம்பித்தான் நிற்கிறது. ஒரு பெரிய கிளை பிளந்துவிட்டது. மறுநாள் சேற்றிலிருந்து பொறுக்கிய பிஞ்சும் காயுமாக முப்பது பீர்க்கங்காய்தான் விரதத்தின் முதல் வாரத்துக்குக் கூட்டும் துவையலும்.

மரத்தை நிமிர்த்தி மூன்று பக்கமும் முட்டுக் கொடுத்தோம், பிழைத்துக்கொண்டது, அடுத்த வருஷம் பூக்கவில்லை. ஆகவே என் கணக்கு இது: வாடகை வீடு, சிறிய கொல்லை, பொறுமை கம்மி என்றால் யோசிக்கவே வேண்டாம், பீர்க்கன். சொந்த மண், வலைக்குக் காசு, டிசம்பர் முடிவதற்குள் ஏணி வைத்து அதைக் கழற்ற ஓர் ஆள் இருந்தால் லிச்சியும் வையுங்கள். இரண்டையும் வைத்தால் இடையில் நாலடியாவது விடுங்கள். என் கொடிக்கு இப்போது துவைக்கல் பக்கம் தனிப்பந்தல். போன சனிக்கிழமை சந்தையில் இன்னொரு மார்க்கோட்டைக் கையில் எடுத்து வேரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதை எங்கே நடப்போகிறாய், காரின் மேலேயா என்றார் என் வீட்டுக்காரர். வைத்துவிட்டு ஒரு பாக்கெட் புடலை விதை வாங்கி வந்தேன்.